மரம் சாய்க்கும் தொழில்: சீவுகிறவரும் கிராணியும் அறிய வேண்டியது

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நாற்பது வருஷ காலம் கோடாரியும் ரம்பமும் பிடித்த கை இது. ஒலிபெருக்கியைப் பிடிக்கக் கூசுகிறது. அதோடு காதும் மந்தம். கேள்வி கேட்பவர்கள் தயவுசெய்து உரக்கக் கேளுங்கள். காது மந்தமானது வயதினால் மட்டுமல்ல. அந்தச் சங்கதியையும் பின்னால் சொல்கிறேன்.

மரம் சாய்ப்பதைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊர் பொருத்தமான ஊர்தான். இங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது. பக்கத்திலே புல் விரிந்த திடல். 1786-ம் ஆண்டு ஜூலை மாதம் கேப்டன் பிரான்சிஸ் லைட் கப்பலை விட்டு இறங்கியபோது அந்த இடம் முழுவதும் காடு. தஞ்சோங் பெனாகா என்று அதற்குப் பெயர். பெனாகா என்பது நம் ஊர்ப் புன்னை. காட்டை வெட்ட ஆரம்பித்ததும் கோடாரியும் கத்தியும் ஈயத்தைப் போல மடங்கிப் போயின என்று லைட் எழுதி வைத்திருக்கிறார். மரங்களுக்கு அவ்வளவு வன்மை. ஆட்கள் சலித்துப் போன சமயத்தில் அவர் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கும் ஆசையில் ஆட்கள் வெட்டிக்கொண்டே உள்ளே போனார்களாம். இது கதைதான். ஆனாலும் இந்நகரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். காசு பொறுக்கக் குனிந்தவன் முதுகில் மரம் விழுந்ததா? விழுந்திருந்தால் அவன் பெயரை யாராவது எழுதி வைத்தார்களா? எழுதியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

பால்மரத்துக்கு வருவோம். 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதை கொண்டு போனதும், 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததும் நீங்கள் பல தடவை கேட்ட சரித்திரம். கொண்டு வந்தவர் பெயரையும் நட்டவர் பெயரையும் சரித்திரம் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆனால் நட்ட மரம் ஒவ்வொன்றையும் இருபத்தைந்து முப்பது வருஷத்தில் ஒருவன் சாய்த்தாக வேண்டும் அல்லவா? பால் வற்றும், பட்டையில் இடம் இல்லாமற் போகும், ஏணி வைத்து மேலே மேலே போய்க் கடைசிச் சொட்டையும் எடுப்பார்கள். அதற்குப் பிறகு மறுநடவு. 1952-ல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தபின் இந்த வேலை நாடெங்கும் பெருகியது.

அக்காலத்தில் எல்லா மரத்தையும் வெட்டினார்கள் என்று எண்ண வேண்டாம். அடிமரத்தில் பட்டையைச் சீவி, சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சைப் பூசி, நின்ற நிலையிலே சாகவிட்ட தோட்டங்கள் எத்தனையோ. பூசுகிறவருக்கும் ஆபத்து, மேய வருகிற மாட்டுக்கும் ஆபத்து. பின்னர் 2,4,5-டி என்ற மருந்தை டீசலில் கலந்து பூசினார்கள். இரண்டிலும் மரம் செத்து நிற்கும். கீழே புதுக் கன்று நடுகிற பெண்கள் தலைமேல் காய்ந்த கிளை எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. விழுந்த மரத்தைவிட நிற்கிற செத்த மரம் பொல்லாதது என்று என் தகப்பனார் சொல்லுவார். அவர் இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தில் வேலை செய்தவர்.

எண்பதுகளில் நிலைமை மாறியது. அதுவரை விறகுக்கும் புகைக்கூண்டுக்கும் போய்க்கொண்டிருந்த பால்மரம் நாற்காலியும் மேசையுமாகி அந்நிய தேசங்களுக்குப் போகத் தொடங்கியது. மரத்துக்கு மதிப்பு வந்தது. அதோடு அவசரமும் வந்தது. வெட்டிய பால்மரத்தை இரண்டு மூன்று நாளைக்குள் மில்லில் சேர்த்து மருந்தேற்ற வேண்டும். தாமதித்தால் நீலம் பாயும், வண்டு துளைக்கும். ஆகவே லோரி காத்து நிற்கிறது, மில் காத்து நிற்கிறது, கொந்தராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த அவசரம்தான் நம் தொழிலில் முதல் சத்துரு. ரம்பம் இரண்டாவதுதான்.

மரத்தைச் சாய்க்கும் முறைமையைச் சொல்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் மரம் வெட்டப் போவதில்லை. இருந்தாலும் கேளுங்கள். மரம் விழும்போது பக்கத்து நிரையில் வாளியோடு நிற்பவர் நீங்கள்தானே!

வெட்டுகிறவன் முதலில் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வர வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கொண்டை எந்தப் பக்கம் கனத்திருக்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, மேலே முறிந்த கிளை எதுவும் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓடும் வழி. மரம் வடக்கே விழும் என்றால் நேர் தெற்கே ஓடக்கூடாது. அடிமரம் பின்னால் உதைத்துக்கொண்டு வந்தால் அந்த வழியில்தான் வரும். பின்பக்கமாக, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றும் சாய்வாக இரண்டு வழியைக் கத்தியால் கொத்திச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். கொடி தடுக்கி விழுந்து மரத்துக்கடியில் கிடந்தவர்கள் உண்டு.

தூரம் ஒரு முக்கியமான கணக்கு. சாய்க்கும் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் இருக்கக்கூடாது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1998-ல் வெளியிட்ட காட்டுவேலைப் பாதுகாப்பு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. எழுபதடி மரமென்றால் நூற்று நாற்பதடி. நிரைக்கு நிரை இருபதடி விட்டு நட்ட காட்டில் அது ஏழு நிரை. ஏழு நிரை தள்ளிச் சீவுகிறீர்களா, அல்லது அடுத்த நிரையிலேயே கடைசி நாள் பால் எடுக்கச் சொல்கிறார்களா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது வெட்டு. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவமாக ஒரு துண்டை அறுத்து எடுக்கிறோம். நாங்கள் அதை வாய் என்போம். மரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை ஆழம் போதும். பதினைந்து அங்குல மரத்துக்கு மூன்று அங்குலத்துக்குக் குறையாமல், நாலுக்குக் கூடாமல். வாய் நாற்பத்தைந்து பாகையாவது திறந்திருக்க வேண்டும். சிறுவாயாக வெட்டினால் மரம் பாதி விழும்போதே வாய் மூடிக்கொள்ளும். அப்போது அது உடைந்து தன் இஷ்டப்படி போகும்.

பிறகு பின்வெட்டு. வாயின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வர வேண்டும். முழுவதும் அறுத்துவிடக் கூடாது. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, பதினைந்து அங்குல மரத்துக்கு ஒன்றரை அங்குலம், அறுக்காமல் விட வேண்டும். அதுதான் கீல். கதவைக் கீல் பிடித்துத் திருப்புவது போல, விழுகிற மரத்தை அந்த ஒன்றரை அங்குலக் கட்டைதான் வழிநடத்துகிறது. அவசரக்காரன் அதையும் அறுத்துவிடுவான். கீல் அறுந்த மரம் கயிறு அறுந்த மாடு. பின்வெட்டு கொஞ்சம் ஆழமானதும் அதிலே ஓர் ஆப்பை அடித்து வைத்தால் மரம் பின்னால் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்வாது. பிளாஸ்டிக் ஆப்பு, இல்லாவிட்டால் வைர மரத்தில் செதுக்கிய ஆப்பு. இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம். சங்கிலி அதில் பட்டால் பல் தெறிக்கும். ஆப்பை அசைத்த குரங்கின் கதையை நாம் சிறுவயதில் சிரித்துக்கொண்டு கேட்டோம். தொழிலுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

முன்பக்கம் வெகுவாகச் சாய்ந்த மரம் தனி ஜாதி. சாதாரணமாகப் பின்வெட்டுப் போட்டால் பாதி அறுக்கும் முன்னே மரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி மேலே எழும்பி அறுப்பவன் முகத்தில் அறையும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதற்கு வேறு முறை உண்டு: வாய் வெட்டியபின் ரம்பத்தின் நுனியை மரத்தின் நடுவே ஊடுருவச் செய்து, முன்னே கீலையும் பின்னே ஒரு பிடிப்பையும் விட்டு, எல்லாம் சரிபார்த்தபின் பிடிப்பை அறுத்துவிடுவது. இதை நான் சொல்லக் கேட்டு நாளைக்கே செய்து பார்க்காதீர்கள். தெரிந்தவன் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தபின் செய்ய வேண்டிய வெட்டு இது.

இதுவரை சொன்னது எந்த மரத்துக்கும் பொருந்தும். பால்மரத்துக்கென்று சில குணங்கள் இருக்கின்றன. அவற்றை ஜெர்மன்காரன் எழுதிய ரம்பப் புத்தகத்தில் காண முடியாது. உங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டுமரத்தின் அடியில் யானைக்கால் போல வீங்கியிருக்கும். அங்கே மரத்தின் நார் நேராக ஓடாது. சீவிச் சீவி ஆறிய பட்டையில் கட்டி கட்டியாக இருக்கும். பழைய காயத்தின் வழியே நீர் இறங்கி உள்ளே உளுத்திருக்கும், வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் மங்கு கட்டிய கம்பியையும், தகரப் பீலியையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். ரம்பம் அதில் பட்டால் சங்கிலி அறும். பால் வேறு சங்கிலியில் ஒட்டி இறுகும். வெள்ளை வேர்நோய் கண்ட மரத்துக்கு ஒரு பக்கத்து வேரே இருக்காது. தழை பச்சையாக இருக்கும், தொட்டால் சாயும்.

வெட்ட வருகிறவன் புதியவன். பல தோட்டங்களில் அவன் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவன், நேற்று இறங்கியவன். அந்த மரத்தை இருபது வருஷமாக ஒன்றுவிட்டு ஒருநாள் தொட்டவர் நீங்கள். எந்த மரம் பொக்கை, எது வேர் செத்தது, எதன் கவையில் போன மாதக் காற்றில் முறிந்த கிளை தொங்குகிறது என்பது உங்களுக்கு இருட்டிலும் தெரியும். வெட்டு ஆரம்பிப்பதற்கு முன்னே, சீவுகிறவரும் மண்டோரும் வெட்டுகிறவனும் நிரை நிரையாக ஒருமுறை நடந்து, அபாயமான மரங்களுக்குச் சுண்ணாம்போ சாயமோ பூசி வைத்தால் என்ன? அரை நாள் வேலை. இதற்கு நிர்வாகம் அரை நாள் கூலி கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. நான் வேலை செய்த ஒரேயொரு தோட்டத்தில், ஒரு வயதான மண்டோர் தாமாகவே இப்படிச் செய்தார். அந்தக் காட்டில் ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

இனி, நான் இங்கே வந்து நிற்பதற்குக் காரணமான சங்கதி.

1976-ம் வருஷம். கெடா எல்லையை ஒட்டிய ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். எனக்கு வயது இருபது. மரத்துக்கு இவ்வளவு என்று கொந்தராத்து. என் கூட்டாளி என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணன் என்றே கூப்பிடுவேன். மாலை நாலு மணி இருக்கும், மழை இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் சாய்த்த மரம் தரைக்கு வராமல் அடுத்த நிரை மரத்தின் கவையில் போய் மாட்டிக்கொண்டது. டிராக்டர் வந்து இழுக்க ஒரு மணி நேரமாகும். மாட்டிய மரத்துக்குக் கீழே போகக்கூடாது, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக்கூடாது, அதன்மேல் இன்னொரு மரத்தைச் சாய்த்துத் தள்ளப் பார்க்கவும் கூடாது. இந்த மூன்றும் எங்களுக்குத் தெரியாததல்ல. “தாங்குகிற மரத்தை அறுத்தால் இரண்டும் சேர்ந்து விழும்டா தம்பி, இரண்டு மரத்துக் காசு, மழைக்கு முன்னே வீட்டுக்குப் போகலாம்” என்றார். நான் “வேண்டாம் அண்ணே” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

அவர் பாதிகூட அறுக்கவில்லை. மேலே பாரம் தாங்கிய மரம் திடீரென்று திரும்பியது. மாட்டியிருந்த மரம் உருண்டு அவர் மேலேயே இறங்கியது. ரம்பம் மட்டும் கீழே கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது நான்தான்.

மறுநாள் ஆபீசுக்குப் போனோம். கிராணியார் நோட்டைத் திறந்தார். அன்றைய தேதியில் எழுதியிருந்தது இதுதான்: “கொந்தராத்து ஆட்கள், 6.” பெயர் இல்லை. தோட்டம் சொன்னது, அவன் எங்கள் ஆள் இல்லை என்று. கொந்தராக்டர் சொன்னார், நான் வெறும் ஆள் பிடித்துக் கொடுப்பவன் என்று. சொக்சோ சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. ஆனால் அவர் பெயரில் ஒரு காசு சந்தா கட்டியதற்கு அடையாளம் இல்லை. அண்ணிக்குக் கிடைத்தது, நாங்கள் ஐந்து பேரும் பெரட்டுக் களத்தில் துண்டு விரித்து வசூல் செய்த பணம்தான். அந்தக் கிராணியார் பொல்லாதவர் அல்ல. அவரும் அந்தத் துண்டில் பணம் போட்டார். பெயரை எழுது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

ஆகவே, கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. சொக்சோ சட்டத்தில் பிரதான முதலாளி, நேர் முதலாளி என்று இரண்டு பேர் உண்டு. கொந்தராக்டரின் ஆளானாலும் சந்தாவை முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு பிரதான முதலாளியுடையது. பிறகு அவர் கொந்தராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். “எங்கள் ஆள் இல்லை” என்ற பேச்சு அங்கே செல்லாது. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளரும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்ந்துவிட்டார்கள். விபத்து நடந்து தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாமற் போனவருக்கு, கணக்கிட்ட தினக்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு. இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரு பெயர். காலையில் வெட்டுகிறவர்கள் காட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொருவர் பெயரையும் அடையாள எண்ணையும் எந்தக் காடு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்றும் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

தொழிலாளிக்கும் புதிதாக ஒரு உரிமை வந்திருக்கிறது. 1994-ம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். அதிலே 26ஏ என்ற பிரிவு. உடனடி அபாயம் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். அதற்காக அவனைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது. மரம் மாட்டிக்கொண்டது, டிராக்டர் வேண்டும், வரும்வரை நான் கீழே போக மாட்டேன் என்று சொல்ல இன்று சட்டம் இடம் தருகிறது. சொல்ல வேண்டியதை மண்டோரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கட்டும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். உங்கள் தோட்டத்தில் அவர் யார் என்று திங்கட்கிழமை ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

ரம்பத்தைப் பற்றிக் கொஞ்சம். சங்கிலி வாள், நாம் வாயால் சொல்வது செயின்சா. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் ஒன்றைச் செய்தார். 1929-ல் பெட்ரோலில் ஓடுவது. ஆரம்ப காலத்து யந்திரத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரே ஆள் பிடிக்கும் ரம்பத்தை அந்தக் கம்பெனி 1950-ல் கொண்டு வந்தது. சங்கிலியின் பல்லுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், 1946-ல் ஒரு அடிக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தாராம். அதன் வாய் இடமும் வலமுமாக மாறி மாறி அறுப்பதைப் பார்த்து, அதே மாதிரிப் பல் வைத்துச் சங்கிலி செய்தார். இன்றும் அந்தப் பல்தான். நம் பால்மரப் பலகையைக் கெடுக்கிறதே வண்டு, அதன் இனத்திடம் மனிதன் கற்ற பாடம் இது!

ரம்பத்தின் தகட்டு நுனியில் மேல்பாதி இருக்கிறதே, அதுதான் சாவு வாய். ஓடும்போது அந்த இடம் கட்டையில் பட்டால் ரம்பம் எகிறித் திரும்பி முகத்துக்கு வரும். கையால் தடுப்போம் என்பது வீண் பேச்சு; நினைப்பதற்கு முன்னே வந்துவிடும். 1970-களில் முன்கைக்கு எதிரே ஒரு தடுப்பும், ரம்பம் எகிறினால் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் வந்தன. பிரேக் இல்லாத, அல்லது கம்பி வைத்துக் கட்டிவிட்ட ரம்பத்தைக் கையில் எடுக்காதீர்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், கட்டைவிரல் பிடியைச் சுற்றியிருக்கட்டும், தோளுக்கு மேலே தூக்காதீர்கள். தலைக்கவசம், முகவலை, காதுமூடி, இரும்பு முனைப் பூட்ஸ், ரம்பம் பட்டால் நூல் பிரிந்து சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் கால்சட்டை இவையெல்லாம் கொந்தராக்டர் வாங்கிக் கொடுக்க வேண்டியவை. நம் வெயிலில் அந்தக் கால்சட்டை கொதிக்கும், வாஸ்தவம். அதற்கு மருந்து அடிக்கடி நிழலும் தண்ணீரும். கழற்றி மரத்தில் மாட்டுவது அல்ல.

கூர்மையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை உளியால் சீவினால் மரத்துக்குக் காயம், உங்களுக்குக் கைவலி. ரம்பமும் அப்படியே. செதில் செதிலாக விழுந்தால் சங்கிலி கூர். மாவாகக் கொட்டினால் மொட்டை. மொட்டைச் சங்கிலியைப் பலங்கொண்டு அழுத்துகிறவன்தான் தடுமாறி விழுகிறான்.

என் காதுக்கு வருகிறேன். 2019-ம் வருஷத்துச் சத்த விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். கிராணிமார்கள் கணக்குப் போடுங்கள்: 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி, 100-க்குப் பதினைந்து நிமிஷம். செயின்சாவின் இரைச்சல் 100-க்கும் மேலே. நான் காதுமூடி இல்லாமல் நாள் முழுவதும் அறுத்தவன். பேரப்பிள்ளை பேசுவதை இப்போது அதன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். கைக்கும் கேடு உண்டு. குளிர் தேசத்தில் ரம்பம் பிடித்தவன் விரல் வெளுத்துப் போகும். நம் வெப்பத்தில் விரல் மரத்துப் போவதும் பிடி தளர்வதுமாகக் காட்டும். சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டால் வயதாகிவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். எத்தனை வருஷம் ரம்பம் பிடித்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது பல தோட்டங்களில் எக்ஸ்கவேட்டர் வந்து மரத்தை வேரோடு தள்ளிவிடுகிறது. வெள்ளை வேர்நோய்க்கு அது நல்லது. நோய் பிடித்த அடிக்கட்டை மண்ணில் தங்கிப் புதுக்கன்றுக்குத் தொற்றாது. வெட்டுகிறவனுக்கும் அபாயம் குறைவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யந்திரம் தள்ளிய மரத்தைத் துண்டு போட மறுபடியும் ரம்பம்தான் வருகிறது. விழுந்து கிடக்கும் மரம் வில்லைப் போல வளைந்து விறைத்திருக்கும். எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பாராமல் அறுத்தால் கட்டை துள்ளிக் காலை முறிக்கும். சரிவான காட்டில் எப்போதும் மேட்டுப் பக்கம் நின்றே அறுக்க வேண்டும். கன்றுகாலிகளும் பிள்ளைகளும் விறகு பொறுக்குகிற பெண்களும் அந்தப் பக்கம் வரக்கூடாது. யந்திரம் ஓடுகிற நாளில் நாலு முனையிலும் சிவப்புத் துணி கட்டி, “ஆவாஸ்” என்று எழுதி வையுங்கள். தமிழிலும் எழுதுங்கள், வெட்ட வந்தவர்களின் பாஷையிலும் எழுதச் சொல்லுங்கள்.

தலைவர் மணி அடித்துவிட்டார். வாசலருகே மேசைமேல் இரண்டு ரம்பம் வைத்திருக்கிறேன். ஒன்று பிரேக் உள்ளது. மற்றது 1976-ல் நான் நிறுத்திய ரம்பம். கொந்தராக்டர் வேண்டாமென்று எறிந்ததை எடுத்து வைத்திருந்தேன். இரண்டிலும் சங்கிலியைக் கழற்றிவிட்டேன், பயப்படாமல் தூக்கிப் பாருங்கள். தேநீருக்குப் பிறகு, அபாய மரத்துக்குக் குறியிடும் யோசனையை எந்தெந்தத் தோட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்று பேசுவோம். மறுநடவு அடுத்து வரப்போகும் தோட்டத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பஸ் ஐந்து மணிக்கு.